கையால் கதைத்த சனிக்கிழமைகள்

போன கிழமை நம் வகுப்புக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வீடியோ ஒன்று போட்டிருந்தார். மட்டக்களப்பு வாவியில் படகுச் சவாரி. இன்ஜின் சத்தத்தோடு படகு ஒரு கண்டல் தீவை நெருங்குகிறது. நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே வீச்சில் எழும்புகின்றன. படகில் இருப்பவர்கள் சிரித்துக் கத்துகிறார்கள். கீழே நீங்கள் எல்லாரும் கைதட்டும் படங்கள் போட்டிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. ஏன் என்று இருவர் கேட்டார்கள். குழுவில் நாலு வரியில் எழுத முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு தை மாதத்தில் தொடங்கிய கதை இது. பங்குனியோடு முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கும் குறைவு.

அப்பாவின் ஒரே தங்கையான என் மாமி பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. தாய் தகப்பன் இருவரும் போன பிறகு எங்களோடு கல்லடியில் வந்து இருந்தார். நம் பக்கத்து வழக்கப்படி அது அம்மாவின் சீதன வீடு. அடுத்த வளவு பெரியம்மாவுடையது. அதாவது மாமி தன் மச்சாளின் வீட்டில் இருந்தார். அதன் கனம் அன்று எனக்கு விளங்கவில்லை. சாப்பிட்ட கோப்பையை மாமி அந்த நிமிடமே கழுவிக் கவிழ்ப்பதும், எங்கள் வீட்டுக் கதவு எதையும் சத்தமாகச் சாத்தாததும்தான் கண்ணில் பட்டன.

அந்தத் தீவுக்கு அவர் போகத் தொடங்கியது ஒரு சண்டையினால். பாடசாலைச் சுற்றுலா ஒன்றுக்கு நாற்பது பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வாவிக்கரைக்குப் போயிருக்கிறார். தீவு சிறியதுதான்; கண்டலும் கிண்ணையும் அடர்ந்த ஒரு திட்டு. பறவைகள் கூடு கட்டும் இடம் என்று அரசாங்கம் பலகை நட்டு, ஒரு காவல்காரரையும் வைத்திருந்தது. ஏறாவூர்க்காரரான அவர் நாற்பது தாண்டியவர், நாலு பிள்ளைகளின் தகப்பன். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல நாங்கள் அவரை நானா என்று கூப்பிடுவோம். அன்று அவர் கரையிலேயே இரண்டு கையையும் விரித்து மறித்துவிட்டாராம்.

"தங்கச்சி, இத்தின வெள்ளச் சட்டையக் கண்டா ஒரு கொக்கும் கூட்டில இரிக்காது. இது குஞ்சுக் காலம். பிள்ளையளத் திருப்பிக் கூட்டிட்டுப் போங்க."

"இதுகள் படிக்க வந்த பிள்ளைகள். கிட்டப் போகாம எப்பிடிப் படிக்கிற?" என்று மாமி கோபப்பட்டிருக்கிறார்.

"அப்ப ஒரு நாளைக்கு நீங்க மட்டும் வாங்க. பாத்திட்டுப் போய் வகுப்பில சொல்லிக் குடுங்க."

அப்படித்தான் சனிக்கிழமைகள் வந்தன. குமர்ப்பிள்ளை தனியே போகக் கூடாது என்பதால் துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

விடியக் காலை வெளிக்கிடுவோம். பழைய இரும்புப் பாலத்தில் பஸ் ஏறும்போது அடியில் தகடுகள் கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம் உங்கள் காதிலும் இருக்கும். டவுனில் இறங்கி, செங்கலடி பஸ் பிடித்து, ஏறாவூர் தாண்டி இறங்கி, வயல் வட்டைக்குள் இறங்கி நடப்போம். கதிர் பால் பிடித்த வயல். வரம்புப் புல்லில் பனி. பாவாடைக் கரை நனைந்து காலில் ஒட்டும். வட்டை முடிகிற இடத்தில் நானா தோணியோடு நிற்பார்.

அவரிடம் நிறையச் சட்டங்கள் இருந்தன. வெள்ளை உடுக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. காப்புச் சத்தம் கேட்கக் கூடாது. குடை விரிக்கவே கூடாது. சாப்பாட்டைக் கரையில் முடித்துவிட வேண்டும். தோணியில் சோற்றுப் பார்சல் மணத்தால் காகம் பின்னால் வருமாம். வந்த காகம் பார்சலோடு நிற்காதாம், கூட்டையும் பார்க்குமாம். சாப்பிட்ட வாழையிலையை மடித்து மாமியின் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவோம். "குப்பையையும் பஸ்ஸில ஏத்திக்கொண்டு வாறா" என்று பெரியம்மா அதற்கும் சிரிப்பார்.

மாமிக்குப் பழைய பாக்கு நிறச் சேலை ஒன்று இருந்தது. சாயம் போதாதென்று அதைத் தேயிலைச் சாயத்தில் ஒரு இரவு ஊறவைத்தார். பெரியம்மா கொடியில் அதைக் கண்டு, "நல்ல சேலை எல்லாம் பெட்டிக்குள்ள கிடக்க இது என்ன கோலம் கா?" என்று அம்மாவிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

தீவைச் சுற்றி ஐம்பது அறுபது பாகம், அதாவது நூறு மீட்டரளவு, தள்ளிக் கம்புகள் நட்டிருந்தார்கள். அந்தக் கம்பு வரிசையோடு தோணி நின்றுவிடும். நானா துடுப்பே போடமாட்டார். நீளக் கம்பொன்றால் தள்ளி, கடைசியில் அதையும் சேற்றில் ஊன்றித் தோணியைக் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு ஒரு சொல் கிடையாது. தோணிப் பலகையில் விரலால் இரண்டு தட்டு என்றால் அசையாதே. ஒரு தட்டு என்றால், அவர் முகம் திரும்பிய பக்கம் பார். மாமியும் அப்படியே பதில் தட்டுவார்.

முதல் சனிக்கிழமை எனக்கு அலுப்பு அடித்தது. நாற்றம் வேறு, மீன் அழுகியதும் சுண்ணாம்பும் கலந்த ஒரு நெடி. மாமி என் காதோடு, "கண்ண மூடிட்டுக் கேளு" என்றார். மூடினேன். அப்போதுதான் தீவு கேட்டது. குஞ்சுகளின் குரல் நூறு கட்டைத் தொண்டைகள் ஒன்றாக இரைவது போல இருந்தது. கண்ணைத் திறந்தபோது பச்சைக்குள்ளே அசைவுகள் தெரிந்தன. நீர்க்காகம் ஒன்று செட்டையை விரித்து வெயிலில் காயவிட்டிருந்தது. மஞ்சள் மூக்கு நாரை ஒன்று வாவியில் அள்ளிய தண்ணீரைக் குஞ்சுகளின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டது. வெயில் ஏற ஏறத் தாய்ப்பறவைகள் கூட்டின் மேல் செட்டையை விரித்துக் குடை போல நின்றன. இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் பத்து நிமிடம் தாங்காது என்று நானா கரைக்கு வந்த பிறகு சொன்னார். மாமி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார், கீறினார். பாடசாலை ஆய்வுகூட அலுமாரியில் கிடந்த ஒரு தூரக்கண்ணாடியை அவர் கேட்டு வாங்கியிருந்தார். ஒரு பக்கம் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மற்றப் பக்கத்தால் முறை வைத்துப் பார்ப்போம்.

நாலாவது ஐந்தாவது கிழமையில் நான் வெள்ளிக்கிழமை இரவே பாவாடையை எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

மாமிக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்த இரண்டு இடங்களை அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஏனென்று யாருக்கும் சொல்லவில்லை. இந்த நிலையில்தான் ஒரு ஞாயிறு பின்னேரம் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுத் தன் மடியில் தலையைச் சாய்த்துப் பேன் பார்த்தார். நகத்தில் நல்லெண்ணெய் மணம். கதையோடு கதையாகக் கேட்டார்.

"மாமி அந்தக் காவல்காரனோட என்னடி கதைக்கிறவ?"

"கதைக்கிறல்ல பெரியம்மா. கையால கதைப்பாங்க."

என் தலைமயிருக்குள் அவர் விரல்கள் நின்றன.

"கையால எண்டா?"

அவர் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத பாஷை அது.

"அப்ப நீ என்ன செய்வாய்?"

"மாமி கண்ண மூடச் சொல்லுவாங்க. நான் மூடிட்டு இரிப்பன்."

பெரியம்மா என் தலையை மடியிலிருந்து எடுத்துவிட்டு எழும்பினார். உள்ளே போய் ஒரு பெரிய துண்டு தொதல் இனிப்பு கொண்டுவந்து தந்தார். நான் அதைச் சாப்பிட்டேன்.

அன்று பொழுதுபட வீட்டில் சத்தம். அம்மா என்னை அறைக்குள் விட்டுச் சாத்தினாலும் எல்லாம் கேட்டது. அப்பா கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். வீட்டிலும் அளந்துதான் கதைப்பார். அன்று அளவு தப்பியிருந்தது. பூ இல்லை, காப்பு இல்லை, ஒளித்துத் திரிகிறவளைப் போல ஒரு சேலை, பிள்ளையின் கண்ணை மூடவைத்து ஒரு சைகைப் பாஷை, அதுவும் பிள்ளை குட்டிக்காரனான ஒரு வேற்று மார்க்கத்தானோடு என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒன்றும் பொய்யில்லை. எல்லாம் நடந்தவை.

மாமி கத்தவில்லை. "நீங்களும் வாங்க அண்ணன். வந்து ஒரு நாள் பாருங்க. மறுகா என்ன சொன்னாலும் நான் கேக்கிறன்" என்றார்.

அப்பா வர ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை காலை அவர் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேட்டும் உடுத்து, கையில் குடையோடு வந்து நின்றார். மாமி தயங்கித் தயங்கி, வேறு நிறம் உடுக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஆருக்கு ஒளிக்கிறதுக்கு நான் கலர் உடுக்க வேணும்?"

மாமி செருப்பைப் போட்டுக்கொண்டார்.

வட்டையில் வெட்டு முடிந்திருந்தது. தாளடியில் காலை வெயிலே சுட்டது. நானா அப்பாவைக் கண்டதும் சிரித்து, "வாங்க ஐயா" என்று தோணியைப் பிடித்தார். வெள்ளை வேட்டியைக் கண்டு ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. தன் தோளில் கிடந்த மங்கல் சாரத்தை எடுத்து நீட்டினார். "இதப் போத்திக்கொள்ளுங்க ஐயா, வெயிலுக்கும் நல்லம்." அப்பா வாங்கவில்லை.

கம்பு வரிசைக்கு வெளியே, வழமையைவிட நல்ல தூரம் தள்ளியே நானா தோணியைக் கட்டினார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாரை எப்படியாவது இப்போது தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், அப்பா அதைக் கண்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்பாவின் கழுத்து மெல்லத் தீவுப் பக்கம் நீண்டது. உண்மையாகவே பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

அப்போது நானா பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். மாமி திரும்பிப் பார்த்துவிட்டு, பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டினார். முகத்தில் சின்னச் சிரிப்பு.

அப்பா எழும்பினார்.

"என்ன இது? எனக்கு முன்னாலயே என்ன இது?"

தோணி ஆடியது. விழாமல் நிற்க அவர் குடையை ஊன்றப் போக, அது கைதவறித் தண்ணீரில் விழுந்து விரிந்தது. தீவு அப்படியே கிளம்பியது. பெரிய சீலையொன்றைக் கிழித்த சத்தம். பிறகு மழை இரைச்சல். வானம் வெள்ளையும் கறுப்புமாகச் சுழன்றது. அப்பா அந்த இரைச்சலுக்கு மேலால் நானாவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். என்னென்ன சொன்னார் என்று எழுத எனக்கு இன்றும் மனமில்லை.

நானா இரண்டு கையையும் கூப்பினார். "ஐயா, இருங்க. சத்தம் போடாதீங்க. என்னக் கரைக்குக் கொண்டுபோய் அடிங்க ஐயா. இஞ்ச வேணாம்."

அதற்குள் காகங்கள் வந்துவிட்டன. அவை அவசரப்படவே இல்லை. இறங்கி நடந்து கூடு கூடாகப் பார்த்தன. ஒன்று குஞ்சொன்றைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலாலேயே போனது. அதன் கால்கள் அசைந்ததைக் கண்டேன். பருந்தும் வந்தது. தாய்ப்பறவைகள் மேலே சுற்றினவே தவிர இறங்கவில்லை. வெயில் கூட்டுக்குள் நேராக விழுந்துகொண்டிருந்தது.

மாமி அழுதார். அவர் அழுது நான் கண்டதில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார்.

"இப்ப ஏன் அழுறாய்? பிடிபட்டாப்போல அழுகையா?" என்றார் அப்பா.

நானா கம்பைப் பிடுங்கித் தோணியைத் திருப்பினார். குடை அங்கேயே மிதந்துகொண்டிருந்தது. நானா எங்களை இறக்கிவிட்டு, அதை எடுக்கத் தனியே திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் இல்லை. இரண்டு கிழமை கழித்து நானாவை யானைக்காட்டுப் பக்கம் எங்கேயோ மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். யாரோ அவர்மேல் முறைப்பாடு எழுதிப் பெட்டிசம் போட்டார்களாம். அப்பாவின் மேசையில் ஒரு காபன் தாள் கிடந்தது. விளையாட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தீவின் பெயரும் 'காவலாளி' என்ற சொல்லும் தெரிந்தன. நான் அதைக் கிணற்றடியில் கிழித்துப் போட்டேன். போன வருடம்வரை யாருக்கும் சொல்லவில்லை, இன்றுதான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆனி மாதம் மாமிக்குத் திருகோணமலையில் கலியாணம். மாப்பிள்ளை ஓவசியர், நல்ல மனிதர். மாமி அங்கே நன்றாகத்தான் வாழ்ந்தார். போகுமுன் தூரக்கண்ணாடியைத் துடைத்துப் பாடசாலை அலுமாரியில் திருப்பி வைத்தார். கொப்பியை என்னிடம் தந்தார். பிறகு வந்த சூறாவளியில் எங்கள் கூரை போனபோது அதுவும் போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் மனதில் இருக்கிறது: தண்ணீர் சொட்டும் ஒரு சொண்டு, கீழே திறந்த மூன்று வாய்கள்.

தீவுக்குப் புதிய காவல்காரர் வரவில்லை. அடுத்த வருடங்களில் அங்கே போய் வந்தவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாம்தான். நானும் பதினான்கு வயதில் போனேன். ரேடியோ, சோற்றுப் பானை, பேணிகள் எல்லாம் கொண்டுபோனோம். கிண்ணை மரத்தை வெட்டி அடுப்பு மூட்டினார்கள். "இஞ்ச முந்திப் பறவை நிறைய இருந்ததாம்" என்று யாரோ சொன்னார். நல்ல நாள் அது; நாம் நிறையச் சிரித்தோம். அதையும் மறைக்க விரும்பவில்லை.

பிறகு வந்த வருடங்களை நீங்களும் கண்டீர்கள். யுத்தத்தால் யாரும் வாவிக்குள் போக முடியாமல் இருந்த அந்த நீண்ட காலத்தில், தீவில் கண்டல் மறுபடி அடர்ந்து பறவைகள் திரும்பின என்று பிறகு தெரிந்தது. அதைக் கேட்டு மகிழ்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் மாசியில் அப்பாவின் திவசத்துக்கு மாமி வந்தார். எண்பது வயது. கண் தெளிவு, முழங்கால்தான் பிரச்சினை. எனக்குச் சுமை இறக்க வேண்டியிருந்தது. திவசம் முடிந்த அடுத்த நாள் ஒரு ஓட்டோ பிடித்து அவரை அந்தக் கரைக்குக் கூட்டிப் போனேன். இப்போது அங்கே படகு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் இன்ஜின் படகோடு வந்தார்.

"ஏறுங்கம்மா, பத்து நிமிசம். கிட்டவே கொண்டுபோய்க் காட்டுறன்."

மாமி நெற்றியில் கை வைத்துத் தீவைப் பார்த்தார். "இப்ப குஞ்சு இரிக்கா தம்பி?"

"ஓம் அம்மா, மரம் முழுக்க."

"அப்ப நான் வரல்ல. கோவிக்காதீங்க."

படகுக்காரருக்கு விளங்கவில்லை. மாமி கரையில் ஒரு கவிழ்த்த தோணியின் மேல் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு தூரம் வந்தவர். தீவு வெறும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. மேலே சில வெள்ளைப் புள்ளிகள். நான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன்: பெரியம்மாவின் மடி, கையால் கதைத்தது, கண் மூடியது, தொதல், காபன் தாள்.

மாமி தீவைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து வயசுப் புள்ளைக்கிட்டப் போய் விசாரிச்சது அவங்கட பிழை. அத நீ ஏன் இத்தின வருசம் தூக்கிட்டுத் திரிஞ்ச?" என்றார். பிறகு, "அண்ணனுக்கு விளங்கினது, புள்ள" என்றார்.

"எது மாமி?"

"அந்தக் காகம் குஞ்சத் தூக்கிட்டுப் போச்சே, அப்ப நான் அவர்ட முகத்தப் பாத்தன். அவருக்கு எல்லாம் விளங்கிட்டு. நான் ஏன் அழுறன் எண்டும் விளங்கினது. ஆனா அவ்வளவு கத்தின பிறகு எப்பிடித் திரும்புற எண்டு அந்த மனிசனுக்குத் தெரியல்ல. கலியாணத்துக்கு முதல் நாள் வந்து கதவடியில நிண்டார். ஏதோ சொல்ல வந்தார். 'சாப்பிட்டியா?' எண்டு கேட்டிட்டுப் போயிட்டார்."

"பெட்டிசம்?"

"அது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்." மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அதுக்கு அந்த நானாட்டத்தான் மன்னிப்புக் கேக்க வேணும். அவர் இப்ப எங்க?"

ஏறாவூரில் விசாரித்தேன். அவர் காலமாகிப் பல வருடம். மகள் ஒருவர் இருந்தார். போய்ச் சொன்னோம். அவர் தேத்தண்ணி தந்தார். "வாப்பா அதப் பத்திக் கதைச்சதில்ல" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாமி அதே வருடம் ஆவணியில் மறுபடி வந்தார். அதற்குள் நான் வனவிலங்குக் கந்தோருக்கு எழுதி, கூடு காலியான காலத்தில் தீவில் கால் வைக்க ஒரு நாள் அனுமதி வாங்கியிருந்தேன். அந்தப் படகுக்காரர் கம்பு வரிசை நின்ற இடத்திலேயே இன்ஜினை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போனார். வாவி வற்றி, தீவைச் சுற்றிச் சேறு தெரிந்தது. ஒரு பறவையும் இல்லை. அந்தப் பழைய நாற்றம் மட்டும் லேசாக இருந்தது.

மாமியை நான் ஒரு கையிலும் படகுக்காரர் ஒரு கையிலும் பிடித்து இறக்கினோம். அன்று தையிலிருந்து பங்குனிவரை சனிக்கிழமை தவறாமல் வந்தவர் அன்றுதான் முதல் முறையாக அந்த மண்ணில் நின்றார். கணுக்கால்வரை சேறு. கிண்ணை மரமொன்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கிளைக்குக் கிளை காலிக் கூடுகள். கீழேயிருந்து பார்க்க அவை வெறும் சுள்ளிக் கட்டுகள்தான். இடையிடையே வானம் தெரிந்தது.

"எவ்வளவு லேசாக் கட்டியிருக்கு பாத்தியா?" என்றார் மாமி. "நான் அங்கால இருந்து பாத்து, உறுதியான கூடெண்டெல்லோ எழுதி வைச்சன்."

சிரித்தார். ஒவ்வொரு கூடாக எண்ணத் தொடங்கினார். படகுக்காரர் நேரமாகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டார். மாமி எண்ணி முடியும்வரை நாங்கள் இருவரும் சேற்றில் நின்றோம்.